பால் கேட்டு வந்த சந்து

"உன் மருமக பால்லதான் வந்துச்சு. வேற எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லு, கேப்போம்."

"என் மருமக பாலு அவ்வளவு கேடுன்னா எதுக்கு விடிஞ்சதும் சிரட்டையத் தூக்கிக்கிட்டு வந்தே? நானா வந்து உன்னைக் கூப்பிட்டேன்?"

"எம்புள்ளைக்கு ஒரு கண்ணுதான் செவந்திருந்துச்சு. உங்க வீட்டுப் பாலை விட்டதும் ரெண்டும் செவந்துபோச்சு."

"உங்க வீட்டுக் கண்ணு வந்து எட்டிப் பாத்துதான் எங்க வீட்டுப் பச்சைப்புள்ளைக்குக் கண்ணே தெறக்கல. அதை யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

கிணற்றடியில் பால் வாங்கிப் போன தெபோராவும் பால் கொடுத்தவளின் மாமியார் எரிடபேட்டாவும் இப்படி நின்றுகொண்டிருந்தார்கள். இருவருக்குமே கண் கோவைப்பழம். தெபோராவுக்கு ஒரு பக்க இமை ஒட்டிப்போய்த் திறக்கவே இல்லை. அதனால் பாதி நேரம் அவள் எரிடபேட்டாவை விட்டுவிட்டுக் கிணற்று வாளியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். வாளி பதில் சொல்லவில்லை. எரிடபேட்டா சொன்னாள்.

நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தாராவாத் தீவில், பேசோ ஊரில் எங்கள் சந்தில் எந்த வீட்டுக்கும் சுவர் கிடையாது. நாலு கம்பம், படுக்க உட்கார இடுப்பளவு உயரத்தில் ஒரு பரண், மேலே தாழை ஓலை. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள். நான் சந்து முனையில் மாவு உருண்டை பொரித்து விற்கிறவள். எண்ணெய் காயும்வரை எனக்குக் காதைத் தவிர வேறு வேலை இல்லை.

அந்த வருஷம் இந்தக் கண்நோய் எங்கிருந்து வந்தது என்பதில் ஆளுக்கொரு கட்சி. பிங்கோ சூதாட்டக் கொட்டகையிலிருந்து வந்தது என்று பாதிரியார் சொன்னார். கோயில் பாட்டுப் போட்டியிலிருந்து வந்தது என்று பிங்கோ ஆட்கள் சொன்னார்கள். எப்படியோ, தாராவாத் தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எல்லோருக்கும் கண் சிவந்துவிட்டது. மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், தண்ணீர் கொட்டும், வெயிலைப் பார்க்க முடியாது. காலையில் குழந்தைகள் இமை ஒட்டிக்கொண்டு அம்மா அம்மா என்று தடவிக்கொண்டு வரும். மினி பஸ் ஓட்டுகிறவர்களுக்கே கண் வந்துவிட்டதால் ரோட்டில் வண்டி அபூர்வம். என் உருண்டையைக்கூட யாரும் வாங்கவில்லை. என் கண்ணும் அப்படி இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே வாங்கித் தின்ன யாருக்கு மனசு வரும்?

கண்ணுக்கு எங்களிடம் மருந்து ஒன்றுதான், தாய்ப்பால். அந்தச் சமயத்தில் சந்தில் பால் இருந்த ஒரே ஆள் ராக்கேரா, எரிடபேட்டாவின் மருமகள். அபெமாமாத் தீவுக்காரி. வாய் திறந்து பேசுவது குறைவு. அந்த வீட்டில் பேசும் பங்கு முழுவதையும் மாமியாரே எடுத்துக்கொண்டுவிட்டதால் இவளுக்கு மிச்சமில்லை. பிள்ளை பிறந்த ஞாயிற்றுக்கிழமை பொங்குகடல் பாலத்தின்மேல் ஏறிக் கிடந்தது. ஆஸ்பத்திரி தீவின் அந்தக் கோடியில். வண்டி போகவில்லை, பிள்ளையும் காத்திருக்கவில்லை. பரணிலேயே பிறந்தான். தொப்புளை எரிடபேட்டாதான் அறுத்தாள். தலைப்பேரன். அன்று எரிடபேட்டாவின் புருஷன், கிழவர் பெனியாமினா, கள் சீவ மரமேறி உச்சியில் உட்கார்ந்து பாடிய பாட்டு துறைமுகம்வரை கேட்டிருக்கும்.

மறுநாளே சந்து சிரட்டையோடு வந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் 'புபுசி' என்று சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. படகைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும், பிள்ளையைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் பிறகு ஊரில் தலை நிமிர்ந்து நடக்க மாட்டான். ராக்கேராவிடம் கேட்டார்கள், அவள் கொடுத்தாள். பரண் விளிம்பில் குழந்தைகள் அண்ணாந்து படுத்துக் கிடக்கும். அவள் குனிந்து ஒவ்வொன்றின் கண்ணிலும் நேரே பீய்ச்சுவாள். பெரியவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரட்டையில் வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் வாங்கினேன்.

அவள் புருஷன் பவுரோ வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்ப்பவன். பிள்ளை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி, வாசனைத் தைலம், நாலு பாஷையில் கெட்ட வார்த்தை. முன் பயணத்தில் சேர்த்ததைக் கொண்டு ஒரு மினி பஸ்ஸும் வாங்கி விட்டிருந்தான். எரிடபேட்டா அந்தப் பஸ்ஸை மகனைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொஞ்சுவாள். அடுத்த கப்பலுக்குப் பேர் கொடுத்திருந்தான். ஏஜென்சிக்காரர்களின் உடல் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் யார் பக்கமும் போகாமல், ஈரப்பலா மரத்தடியில் தனியாகப் பாய் போட்டுக் கண்ணைக் காத்துக்கொண்டிருந்தான். சந்தில் கண் சிவக்காத ஆள் அவன் ஒருவன்தான்.

பிள்ளைக்குக் கண் வீங்கியபோது யாருக்கும் ஆச்சரியமில்லை. ஊருக்கே வந்தது அவனுக்கு மட்டும் வராதா? எரிடபேட்டா தேங்காய்ப் பாலில் துணியை நனைத்துத் துடைத்தாள், பிறகு தாய்ப்பாலை விட்டாள். நர்ஸ் தெரெங்கா ஒரு பை நிறைய மருந்துக் குழாயோடு சந்து சந்தாகப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண், அவளும் கறுப்புக் கண்ணாடி. வேலியோரம் நின்றபடியே வீட்டுக்கொரு குழாயை எறிந்துவிட்டு, "தனித்தனித் துணி, கையக் கழுவுங்க, ஒரே வாளியில மொகம் கழுவாதீங்க" என்று பாடம் ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். "புள்ளைக்கும் இதேதானே சிஸ்டர்?" என்று ராக்கேரா பரணிலிருந்து கேட்டாள். "எல்லாருக்கும் இதேதான்" என்று சொன்னபோது அவள் அடுத்த வேலிக்குப் போயிருந்தாள்.

அதற்கப்புறம்தான் கிணற்றடிச் சண்டை.

நான் சமாதானம் பேசுகிற சாக்கில் இரண்டு மீனோடு எரிடபேட்டா வீட்டுக்குப் போனேன். உண்மையில் பிள்ளையைப் பார்க்கத்தான் போனேன். பார்த்ததும் கையிலிருந்த மீனைக் கொடுக்கக்கூட மறந்துவிட்டேன். இமை இரண்டும் பழுத்த அத்திப்பழம்போல் உப்பியிருந்தன. ராக்கேரா ஓரத்தைத் துணியால் ஒற்றினாள். மஞ்சளாகச் சீழ் வந்தது. எடுத்த துணியை மடிப்பதற்குள் அங்கே மறுபடியும் மஞ்சள் ஊறி நின்றது. பிள்ளை அழவில்லை. முகத்தைச் சுளித்துச் சுளித்துக் கிடந்தது.

"அக்கா, உங்க கண்ணு எப்படி இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

உறுத்தல், தண்ணீர் என்றேன்.

"சீழு?"

காலையில் ஓரத்தில் கொஞ்சம் பீளை, அவ்வளவுதான் என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். பிறகு நடந்ததுதான் எனக்கு விசித்திரம். பிள்ளைபெற்றவள் பரணை விட்டு இறங்கக் கூடாது என்பது எரிடபேட்டாவின் சட்டம். அவள் இறங்கினாள். வீடு வீடாகப் போனாள். பால் வாங்கிக்கொண்டு போன ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, இமையைத் தூக்கிப் பார்த்து, தண்ணியா சீழா, தண்ணியா சீழா என்று கேட்டாள். மாமியார் பின்னாலேயே கத்திக்கொண்டு போனாள். கடைசியில் ராக்கேரா தெபோரா வீட்டு வாசலில் போய் நின்றாள். சண்டை போட்ட வீடு. தெபோரா முறைத்தாள், ஆனால் மகனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் கண்ணில் பாதிச் சிவப்பு போய்விட்டிருந்தது. அன்று காலை பந்து விளையாடியிருக்கிறான்.

"எல்லாருக்கும் போவுது. எம்புள்ளைக்கு மட்டும் ஏன் போவல?" என்றாள் ராக்கேரா.

சண்டையைத் தொடரலாமா என்று தெபோரா ஒரு நிமிஷம் யோசித்தாள்போல. பிறகு, "கிளினிக்குக்குக் கொண்டு போடி. கெழவி கெடக்கா" என்றாள்.

நானும் கூடவே போனேன். துணைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு, வரிசையில் இருப்பவர்களுக்கு. ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள், அதில் பாதி உடைந்தவை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு உள்ளே பேசுவதைக் கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் செவிடாகத்தான் இருக்க வேண்டும்.

தெரெங்கா முதலில் சலித்துக்கொண்டாள். குழாய் கொடுத்தேனே, அதற்குள் என்ன என்றாள். பிறகு பிள்ளையின் முகத்துணியை விலக்கியிருப்பாள். எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சிவந்த கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தாள்.

"எங்க பொறந்தான்?"

"வீட்டுல. பாலத்துல தண்ணி."

"பொறந்ததும் கண்ணுல யாராவது மருந்து போட்டாங்களா?"

"அத்தை தொடச்சாங்க."

"ஒனக்கு ஏதாவது இருக்கா? கீழ எரிச்சல், வெள்ளைப்படுறது?"

பிள்ளைபெற்ற உடம்பு, எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று அத்தை சொன்னார்கள் என்றாள் ராக்கேரா.

"புருஷன் கப்பலா?"

"ஆமா."

தெரெங்கா ஒரு கண்ணாடித் துண்டில் சீழைத் தொட்டு வைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். கதவைச் சாத்தி என்ன பயன், ஜன்னல் அப்படியே இருக்கிறது.

"நல்லாக் கேட்டுக்க. ஊர்ல இருக்கறது ஒரு கண்ணு. அது தண்ணியாக் கொட்டும், தானா வந்து தானாப் போயிரும். அதுக்கு நான் குடுக்கற குழாயும் ஒண்ணுதான், உன் பாலும் ஒண்ணுதான், ரெண்டும் பெருசா ஒண்ணும் செய்யாது. இது வேற கண்ணு. பொறக்கும்போது ஒன்கிட்டேருந்து புள்ளைக்கு வந்திருக்கு. ஒனக்கு ஒன் புருஷன்கிட்டேருந்து. இது தானாப் போவாது. கருமுழியை அரிச்சிரும்."

நான் உள்ளே ஒரு ஓலம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

"புள்ளைக்குப் பார்வை இருக்குமா சிஸ்டர்?" என்றாள். அது ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா இருக்கும்னுதான் நெனைக்கிறேன். நாளைக்கின்னா என்னைக் கேக்காதே." பிறகு குரல் இறங்கிவிட்டது. "நேத்து வேலிக்கிட்ட நீ கேட்டப்பவே நான் உள்ள வந்து பாத்திருக்கணும்."

பிள்ளையின் தொடையில் முதல் ஊசியை அவளே போட்டாள். அப்போதுதான் பையன் வாய்விட்டு அழுதான், நல்ல பலமான தொண்டை. வெந்நீரை ஆற்றி, அளவாக உப்புப் போட்டு எப்படிக் கண்ணைக் கழுவ வேண்டும், மூக்குப் பக்கமிருந்து வெளியே ஊற்ற வேண்டும், சீழ் ஊற ஊற விடாமல் கழுவ வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். ஆம்புலன்ஸ் எங்கோ போயிருந்தது, எப்போது வரும் என்று தெரியாது. ராக்கேராவுக்கும் ஆஸ்பத்திரியில் ஊசி உண்டு. பவுரோவும் போட்டுக்கொண்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவனிடமிருந்து மறுபடியும் வரும் என்றாள். "வருவானா?" என்று கேட்டாள். ராக்கேரா பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

நாங்கள் திரும்பியபோது உச்சி வெயில். பவுரோ பஸ் நிழலில், அவனைப்போலவே கண்ணைக் காத்துக்கொண்டிருந்த வேறு சந்துக் கப்பல்காரச் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு படுத்துக் கிடந்தான். எரிடபேட்டா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை, அங்கே போனால் ஊர்க் கண்ணெல்லாம் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், தன் பிள்ளைகள் எல்லாம் பாலில் குணமானவர்கள் என்று அடுக்கினாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. என்ன கண் அது என்று கிழவிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சந்து முழுக்கச் சிவந்து கிடக்கும்போது அதற்குள் இதையும் மறைத்துவிடலாம் என்று இருந்திருக்கிறாள்.

ராக்கேரா அவளைத் தாண்டிக்கொண்டு போய்ப் புருஷன் முன்னால் நின்றாள்.

"பவுரோ, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். புபுசி."

அந்தச் சொல் விழுந்ததும் சந்தில் அத்தனை பேரும் கைவேலையை நிறுத்தினார்கள். சொந்தப் பெண்டாட்டி புருஷனிடம் அப்படிக் கேட்பது எங்கள் ஊரில் இல்லை. வீட்டுக்குள் எதற்குப் புபுசி? அது வெளியாளிடம், நாலு பேர் முன்னால் கேட்பது.

"கேக்காதே, ராக்கேரா. வாய மூடு." எரிடபேட்டா மீன் கையோடு ஓடிவந்தாள். சொல்லி முடித்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

ராக்கேரா சொல்லி முடித்தாள். "வண்டிய எடு. எங்களோட ஆஸ்பத்திரிக்கு வா. எனக்குப் போடற ஊசிய நீயும் போட்டுக்கணும்."

சிநேகிதர்கள் இருவரும் எழுந்து, ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்ததுபோல் நழுவினார்கள். பவுரோ சிரிக்கப் பார்த்தான்.

"எனக்கு எதுக்கு ஊசி? என் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

"அதான். இந்தச் சந்துல எல்லாருக்கும் செவந்து கெடக்கு. நல்லாருக்கறது ஒனக்கு மட்டுந்தான்."

கண் நன்றாயிருக்கிறவனுக்கு ஊசி எதற்கென்று வேலியோரம் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் கப்பல், துறைமுகம், வாசனைத் தைலம் எல்லாம் கிழிந்து வெளியே விழுந்துவிட்டன. பவுரோ தாயைப் பார்த்தான். தாய் மீன் செதிலைப் பார்த்தாள். கப்பல் பரிசோதனை முடியட்டும் என்று அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். ஆஸ்பத்திரிச் சீட்டில் பேர் ஏறினால் ஏஜென்சிக்குப் போய்ச் சேராதா, வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கினான், அது போய்விட்டது என்றுதான் நினைத்தான் என்றும் சொன்னான். கடைசியில், "வண்டியில டீசல் இல்ல" என்றான்.

"இந்தச் சந்துல யாராவது வந்து கேட்டு நான் இல்லைன்னு சொல்லியிருக்கேனா?" என்றாள் ராக்கேரா. அவனைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் வேலியோரத்திலிருந்து வந்தது.

"ஏய், எங்க படகு டேங்குல டீசல் இருக்கு. குழாயப் போட்டு உறிஞ்சிக் கொண்டா" என்று தெபோரா புருஷனை விரட்டினாள். "இவ பாலு என் புள்ள கண்ணுல இருக்கு. டீசல் இல்லையாம் டீசல்."

தெபோராவின் புருஷன் வாயால் உறிஞ்சித் துப்பி ஒரு கேன் கொண்டுவந்தான். பவுரோ கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். கேட்டாயிற்று, நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கொடுக்காமல் அவன் எங்கே போய் முகத்தைக் காட்டுவான்?

அதற்குப் பின் எரிடபேட்டா செய்ததுதான் அவளுடைய சாமர்த்தியம். கையைக் கழுவினாள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டிக்கொண்டாள், தென்னை மரத்தடிக்குப் போய் அண்ணாந்து கத்தினாள். "இறங்கு கெழவா. நம்ம வீட்டுல எல்லாரும் ஊசி போட்டுக்கப் போறோம்."

"எனக்கு என்ன?" என்று மேலிருந்து சத்தம் வந்தது.

"ஒனக்கு ஒண்ணுமில்ல. ஏறு வண்டியில."

எல்லோருமே போட்டுக்கொண்டால் யாருடைய ஊசி எது என்று சந்துக்குத் தெரியாதாம். கிழவர் கள்ளுக் குடுவையோடு இறங்கி வந்து, பாளைக் கத்தியை இடுப்பில் செருகியபடியே வண்டியில் ஏறினார். வழியெல்லாம் ராக்கேரா மடியில் பிள்ளையைக் கிடத்தி உப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டே போனாளாம். பாலத்தில் இறைந்து கிடந்த கல்லில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பவுரோ வேகத்தைக் குறைத்தானாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கிழவியையும் கிழவரையும் பார்த்து, உங்களுக்கு ஊசி எதற்கு என்று விரட்டிவிட்டாள். எரிடபேட்டா விடவில்லை, தன் கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் யாரோ இரக்கப்பட்டு ஒரு சத்து மாத்திரை கொடுத்தார்களாம். இதையெல்லாம் சொன்னது கிழவர். என் உருண்டைக்கு அவர் கொடுத்த விலை அது.

பிள்ளையை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். வந்து போகிறவர்கள் எல்லாரிடமும் நான் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே. திறந்தானா, திறந்தானா? ஒருநாள் தெரெங்காவே சந்துக்குள் வந்தாள். கண்ணாடி இல்லை, கண் தெளிந்திருந்தது. வேலியோரம் நிற்காமல் உள்ளே வந்து எரிடபேட்டா வீட்டுப் பரணில் உட்கார்ந்தாள். இரண்டும் திறந்துவிட்டதாம். வலது கண் சுத்தம். இடது கண்ணில், கருமுழியின் ஓரத்தில் அரிசி முனையளவு வெள்ளை நின்றுவிட்டது. நடுவில் இல்லை, பார்வைக்குக் கெடுதல் இல்லை என்றாள். "ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா அதுவும் இருந்திருக்காது" என்றும் சொன்னாள். அதை யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ராக்கேரா திரும்பி வந்து, கொஞ்ச காலம் அதே பரணில் இருந்தாள். பிறகு அபெமாமாவுக்குப் போகும் கப்பலில் பிள்ளையோடு ஏறிவிட்டாள். சண்டை போட்டுப் போகவில்லை, சொல்லிவிட்டுத்தான் போனாள். பவுரோ பரிசோதனையில் தேறினான். கப்பல் ஏறினான், ஒரு பயணம் போய் வந்தான். வந்த கையோடு அபெமாமாவுக்குப் போய், அவள் அப்பனும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்த கூடத்தில் நின்று, ராக்கேராவிடமே, என் பெண்டாட்டியையும் பிள்ளையையும் திருப்பிக் கொடு என்று புபுசி கேட்டான். இல்லை என்று அவளால் சொல்ல முடியாது. சொல்லவுமில்லை. அவளும் பதிலுக்கு ஒன்று கேட்டாள், நீ கப்பலை விடு என்று. அவனாலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இப்போது அந்தத் தீவில் மரமேறிக் கள் சீவுகிறான். முதல் வருஷம் இரண்டு தடவை விழுந்தான் என்று கேள்வி. மினி பஸ்ஸைத் தெபோராவின் மைத்துனன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். தெரெங்கா மாற்றலாகிக் கிரிசிமாஸ் தீவுக்குப் போய்விட்டாள். பாட்டுப் போட்டிகள் குறையவில்லை, பிங்கோவும் குறையவில்லை.

தெபோராவின் மூத்த மகள் போன வருஷம் ஒரு கப்பல்காரனைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்ததும் சந்தில் முதலில் வந்து நின்றது எரிடபேட்டாதான். யாரும் கூப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையின் இமை இரண்டையும் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பிள்ளையை விட்டுவிட்டு அந்தக் கப்பல்கார மருமகனின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சட்டைப்பையைத் தடவிக் கறுப்புக் கண்ணாடியை எடுத்தான்.

"அதை உள்ள வை" என்றாள் தெபோரா.